புது செல் போட்டும் பிபி மெஷின் "பேட்டரி தீர்ந்தது" என்கிறது: குறை மலிவு செல்லிலா, மெஷினிலா?

குழம்பியவன்

வணக்கம். விஷயம் சின்னதுதான், ஆனால் இரண்டு வாரமாக மண்டையைக் குடைகிறது.

வீட்டில் ஏஏ செல் போடுகிற சாமான் ஐந்து இருக்கின்றன. சுவர்க் கடிகாரம், டிவி ரிமோட், வயர்லெஸ் மவுஸ், பையனுடைய ரேஸ் கார், அப்பாவுக்கு ரத்த அழுத்தம் பார்க்கிற மெஷின். இரண்டு இரண்டாக வாங்கிக் கட்டுப்படியாகவில்லை என்று நாற்பது செல் உள்ள பெரிய அட்டை ஒன்றை வாங்கிவிட்டேன். 'சூப்பர் ஹெவி டியூட்டி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. விலை, வழக்கமாக வாங்குவதில் மூன்றில் ஒரு பங்கு. லாபம் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

கடிகாரம் ஓடுகிறது, ரிமோட்டும் சரி. பிபி மெஷினில்தான் தகராறு. நான்கு புது செல் போட்டால் முதல் நாள் ஒழுங்காக அளவு காட்டியது. மூன்றாம் நாள் கையில் கட்டும் பட்டையில் காற்று ஏறிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டு, காலி பேட்டரிப் படத்தை மினுக்குகிறது. கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தால் ஒவ்வொன்றும் 1.5க்கு மேல்தான் இருக்கிறது. அதில் ஒன்றைக் கடிகாரத்தில் போட்டால் ஜம்மென்று ஓடுகிறது! இரண்டாவது செட்டும் இதே கதை.

மெஷின் பழுதா, செல் போலியா? விலை கூடிய செல்லில் உண்மையிலேயே சரக்கு இருக்கிறதா, பெயருக்குத்தான் காசா?

பேட்டரிக்கட்டை

செல்லை ஒரு அங்குல உயரத்திலிருந்து மேசை மேல் நட்டமாகப் போட்டுப் பாருங்கள். துள்ளினால் செத்த செல். தொப்பென்று நின்றால் நல்ல செல். மீட்டரெல்லாம் எதற்கு?

சாலிடர்புகை

கட்டை அண்ணா, அது அல்கலைன் செல்லுக்கான வித்தை. அதிலும் பாதி உண்மைதான். உள்ளே பசை மாதிரி இருக்கும் துத்தநாகத் தூள், செல் தீரத் தீர ஆக்சைடாகி இறுகிப்போகும், அதனால் துள்ளும். ஆனால் பாதி தீர்ந்த செல்லே முழுத் துள்ளல் துள்ளும். துள்ளுகிறதே என்று குப்பையில் போட்டால் பாதிக் காசையும் சேர்த்துப் போட்ட மாதிரி. இவர் வாங்கியது அல்கலைனே இல்லை.

குழம்பியவன், முதலில் செல் மேலே பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வெறும் 'ஆர்.6' என்றால் ஜிங்க் கார்பன். 'எல்.ஆர்.6' என்றால் அல்கலைன். 'எஃப்.ஆர்.6' லித்தியம், 'எச்.ஆர்.6' சார்ஜ் செய்யும் நிக்கல் வகை. இந்த எழுத்து பொய் சொல்லாது, அட்டையில் உள்ள வாய்ச்சவடால்தான் ஏமாற்றும். 'ஹெவி டியூட்டி' என்பது அல்கலைனுக்கு மேற்பட்ட ரகம் என்று பலர் நினைக்கிறார்கள். பழைய ஜிங்க் கார்பனில் நவச்சாரம் இருந்தது. அந்த இடத்தில் ஜிங்க் குளோரைடு வந்ததும் அதைவிடக் கொஞ்சம் மேம்பட்டது, அப்போது வைத்த பட்டம் அது. அல்கலைன் வந்த பிறகும் பட்டத்தை இறக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது உங்கள் புதிர். மீட்டர் செல்லிடமிருந்து மின்சாரமே வாங்குவதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறவரிடம் "தெம்பாக இருக்கிறீர்களா" என்று கேட்பது போல. மூட்டையைத் தூக்கச் சொன்னால்தான் தெரியும். கடிகாரம் இழுப்பது ஒரு மில்லி ஆம்பியரில் சிறு பங்கு. பிபி மெஷினில் காற்றடிக்கும் மோட்டார் ஓடும்போது அதைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் இழுக்கும். ஜிங்க் கார்பனுக்கு உள்தடை (செல்லுக்குள்ளேயே மின்சாரத்தை மறிக்கிற தடை) அதிகம், இழுத்ததும் வோல்ட் சரிந்துவிடும். நான்கும் சேர்ந்து 6 வோல்ட் வர வேண்டிய இடத்தில் நாலரைக்கு இறங்கினால் மெஷின் என்ன செய்யும்? தீர்ந்தது என்றுதான் சொல்லும். மோட்டார் நின்றதும் செல் மூச்சு வாங்கித் திரும்ப 1.5 காட்டும்.

செல்லை மூட்டை தூக்கவைத்துப் பார்க்க ஒரு 3.3 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) வாங்குங்கள், ஒரு வாட்டுக்குக் குறையாமல். சின்னது சுட்டுவிடும். அதைச் செல்லின் இரு முனைக்கும் குறுக்கே பிடித்துக்கொண்டு வோல்ட் பாருங்கள். உங்கள் மலிவு செல், புது அல்கலைன் இரண்டிலும் பார்த்து எழுதுங்கள்.

ஃப்ரீசர்காரி

நாங்கள் செல்லையெல்லாம் ஃப்ரிட்ஜில்தான் வைப்போம், ஆயுள் கூடும் என்று சொல்வார்களே?

சாலிடர்புகை

வேண்டாம்மா. அல்கலைன் சாதாரண அறையில் சும்மா கிடந்தாலும் ஆண்டுக்கு இரண்டு மூன்று சதவீதம்தான் இழக்கும். அதைக் காப்பாற்றப் போய், வெளியே எடுத்ததும் முனையில் ஈரம் கோத்துத் துருவை வரவழைப்பானேன்? வெயில் படாத அலமாரி போதும்.

குழம்பியவன்

பார்த்துவிட்டேன். 'ஆர்.6' தான்! அட்டையில் எங்குமே அல்கலைன் என்ற சொல் இல்லை, நான்தான் கவனிக்கவில்லை.

அளவுகள் இதோ. மலிவு புது செல்: சும்மா 1.61, ரெசிஸ்டர் வைத்ததும் 1.27, ஒரு நிமிடத்தில் 1.14, இன்னும் இறங்கிக்கொண்டே இருந்தது. பெயர் பெற்ற அல்கலைன்: சும்மா 1.60, வைத்ததும் 1.46, ஒரு நிமிடத்தில் 1.42. ஆசைக்கு, பெயர் தெரியாத இடைவிலை அல்கலைன் ஒன்றும் வாங்கினேன். அது 1.59, 1.44, 1.39.

அதாவது, பெயர் தெரியாததும் பெயர் பெற்றதும் கிட்டத்தட்ட ஒன்று. அப்படித்தானே?

கணக்குநோட்டு

ஒரு நிமிட அளவில் ஒன்று. கடைசி வரை ஒன்றா என்பது வேறு கேள்வி. இருந்தாலும் நீங்கள் பார்த்ததுதான் என் அனுபவமும். பெரிய பள்ளம் ஜிங்க் கார்பனுக்கும் அல்கலைனுக்கும் நடுவில்தான் இருக்கிறது. அல்கலைனுக்குள் பெயருக்குப் பெயர் உள்ள வித்தியாசம் அதை நோக்கச் சின்னது, ரிமோட் மவுஸ் போன்ற இடங்களில் கண்ணுக்கே தெரியாது.

செல் ஒன்றுக்கு என்ன விலை என்று பார்ப்பதை விட்டுவிட்டு, மாதத்துக்கு என்ன செலவு என்று பாருங்கள். மெதுவாக இழுத்தால் ஏஏ அல்கலைன் 2,000 முதல் 3,000 மில்லி ஆம்பியர் மணி (செல்லில் உள்ள சரக்கின் அளவு) தரும். ஜிங்க் கார்பன் ஆயிரத்தை ஒட்டி, பல வேளை அதற்கும் கீழே. மூன்றில் ஒரு பங்கு விலை, மூன்றில் ஒரு பங்கு சரக்கு. கடிகாரத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம், லாபமும் இல்லை நட்டமும் இல்லை. மோட்டார் உள்ள சாமானில் மலிவு செல் தன் ஆயிரத்தையும் கொடுக்காமல் சுருண்டுவிடும், அங்கே மூன்று மடங்கு விலை கொடுத்ததுதான் மலிவு. உங்கள் பிபி மெஷினில் ஒரு செட் எத்தனை தடவை அளந்தது?

குழம்பியவன்

முதல் செட் ஏழு தடவை. இரண்டாவது ஐந்து.

கணக்குநோட்டு

மாதம் முழுக்க அளந்தால் எத்தனை செட் வேண்டும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். எனக்குக் கை நடுங்குகிறது.

ரிப்பேர்பெஞ்ச்

கணக்கில் ஒரு வரி விட்டுப்போச்சு: ஒழுகல்.

என் பெஞ்சுக்கு வருகிற ரிமோட், பொம்மை, கடிகாரத்தில் பாதிக்கு நோய் ஒன்றுதான், செல் ஒழுகி ஸ்பிரிங் அரித்தது. ஜிங்க் கார்பனில் வெளிக்கூடே துத்தநாகம், அதுவே எதிர்முனை. மின்சாரம் தரத் தர அந்தச் சுவர்தான் கரைகிறது. தீர்ந்த பிறகும் உள்ளேயே விட்டால் ஓட்டை விழாமல் என்ன செய்யும்? அல்கலைனும் யோக்கியம் இல்லை. கூடு எஃகுதான், ஆனால் உள்ளே ஹைட்ரஜன் வாயு சேர்ந்து அழுத்தம் கூடினால் மூடி விட்டுக்கொடுத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசியும். முன்பெல்லாம் வாயுவை அடக்கக் கொஞ்சம் பாதரசம் சேர்ப்பார்கள், 1990களில் அது நஞ்சு என்று எடுத்துவிட்டார்கள். வெளியே பூக்கிற வெள்ளை உப்பு, கசிந்த காரம் காற்றோடு சேர்ந்து ஆன கார்பனேட்.

அல்கலைன் பூத்திருந்தால் கையுறை போட்டுக்கொண்டு பஞ்சில் வினிகர் தொட்டுத் துடையுங்கள், நுரைத்து அடங்கும். ஜிங்க் கார்பன் கசிவு புளிப்பு ஜாதி, அதற்குச் சமையல் சோடாக் கரைசல். பிறகு ஈரம் இல்லாமல் காயவிடுங்கள்.

பழசும் புதுசும் கலக்காதீர்கள். ஜிங்க் கார்பனும் அல்கலைனும் ஜோடி சேர்க்கவே சேர்க்காதீர்கள். நோஞ்சான் முதலில் தீரும், தெம்பானது அதன் வழியாகவே மின்சாரத்தைத் தள்ளும், நோஞ்சான் தலைகீழாகி ஒழுகும்.

வருஷக்கணக்கில் திறக்காத, விலை கூடிய சாமானில் நான் லித்தியம் ஏஏ போடுவேன். 1.5 வோல்ட், எடை 15 கிராம்தான் (அல்கலைன் 23 கிராம் வரும்), ஒழுகுவது அபூர்வம். ஒரு எச்சரிக்கை: இதே அளவில் 3.7 வோல்ட் சார்ஜ் செல் ஒன்றும் கிடைக்கிறது. ஏஏ இடத்தில் போட்டுச் சாமானைப் புகையவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஃப்ரீசர்காரி

ரேஸ் காருக்கு யாரும் பதில் சொல்லவில்லையே? எங்கள் வீட்டிலும் அதுதான் செல்லைத் தின்கிறது.

சாலிடர்புகை

அதற்குத் தூக்கிப்போடும் செல்லே வேண்டாம். நிக்கல் சார்ஜ் செல் 1.2 வோல்ட்தானே என்று தயங்குவார்கள். மோட்டார் இழுக்கும்போது அது 1.2இலேயே நிற்கும், அல்கலைன் அதற்குக் கீழே போய்விடும். ஆனால் புகை அலாரத்தில் மட்டும் தயாரிப்பாளர் சொன்ன செல்லையே போடுங்கள்.

குழம்பியவன்

எல்லாருக்கும் நன்றி. பிபி மெஷினில் இடைவிலை அல்கலைன் நான்கு போட்டேன், நேற்றோடு பன்னிரண்டு நாள், மூச்சுத் திணறாமல் காற்றடிக்கிறது. மெஷின் மேல் பழி போட்டதற்கு அப்பா இன்னும் என்னை விடவில்லை. ரிமோட்டைத் திறந்தால் ஒரு ஸ்பிரிங்கில் லேசாக வெள்ளை பூத்திருந்தது, நல்லவேளை துடைத்ததும் போய்விட்டது. அது போன வருஷத்து அல்கலைன், புதுசு மேல் குற்றம் இல்லை.

மிச்சம் இருபத்தெட்டு மலிவு செல். கடிகாரத்துக்கு வருஷம் ஒன்று என்று வைத்தாலும் இருபத்தெட்டு வருஷத்துக்குக் கவலை இல்லை.

ரிப்பேர்பெஞ்ச்

ஜிங்க் கார்பன் அலமாரியில் இரண்டு மூன்று வருஷம்தான் தாங்கும். அட்டையின் பின்னால் தேதியைப் பார்த்தீர்களா?

குழம்பியவன்

இப்போதுதான் பார்த்தேன். அடுத்த வருஷம் மூன்றாம் மாதம்.

பேட்டரிக்கட்டை

அக்கம்பக்கத்தில் எத்தனை கடிகாரம் நின்றிருக்கிறது என்று விசாரியுங்கள் தம்பி.