கைவீக்கத்துக்கு ராமநாதபுரம் பக்கம் யாரிடம் காட்டலாம்?

வணக்கம். பாம்பன் சின்னப்பாலத்தில் இருக்கும் என் சித்திக்காகக் கேட்கிறேன். மார்பகப் புற்றுநோய்க்கு மதுரையில் ஆபரேஷன், கீமோ, கரண்ட் (கதிர்வீச்சு) எல்லாம் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. இனி வீட்டில் என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உட்கார்ந்து சொல்லத்தான் ஆள் இல்லை.

அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்ததால் இடது கை வீங்குகிறது. போன வாரம் சோப்புத் தடவியும் வளையல் ஏறவில்லை. சித்தி பாசி எடுக்கக் கடலுக்குப் போகிறவர். விரல்களில் துணி சுற்றிக்கொண்டுதான் இறங்குவார், இருந்தாலும் பாறை கீறாமல் விடாது. அந்தக் கையில் சின்னக் கீறல் சீழ் பிடித்தாலும் வீக்கம் கூடிவிடும் என்று ஒரு நர்ஸம்மா சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. வேலையை விடச் சொல்லவும் வாய் வரவில்லை. வீடு ஓடுவதே அதில்தான்.

ராமநாதபுரம், மண்டபம் பக்கம் இந்த வீக்கத்துக்குப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட் யாராவது இருக்கிறார்களா? கையை இறுக்கிப் பிடிக்கும் ஸ்லீவை அளவெடுத்துத் தருபவர்கள்? மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்களே, அதில் இதற்குப் பார்த்தவர்கள் உண்டா?

அப்புறம், புற்றுநோய் திரும்பாமல் இருக்கத் தரும் தமாக்சிபென் மாத்திரை. தினமும், குறைந்தது 5 வருடம். அதற்காக ஒவ்வொரு முறையும் மதுரை போனால் ஒரு நாள் கூலி போகிறது. இங்கேயே வாங்குகிறவர்கள் எங்கே என்று சொல்லுங்கள். வருடாந்திர மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கும் இடமும் தெரிய வேண்டும்.

இதே சிகிச்சை முடித்த அக்கா யாராவது சித்தியிடம் போனில் பத்து நிமிடம் பேசினால் போதும். இன்பாக்ஸில் வாருங்கள், நம்பர் தருகிறேன். சாயங்காலம் கரைக்கு வந்தபிறகு பேசுவார்.