அப்பா மலேசியர், பிள்ளைக்கு மட்டும் நாடு இல்லை

கிள்ளானில் மாலை வேளையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். 12 வயதானதும் எல்லாரும் மைகார்டு (மலேசிய அடையாள அட்டை) எடுத்து வந்து படத்தைக் காட்டிச் சிரிப்பார்கள். ஒரு வருடம் ஒரு பையன் மட்டும் காட்டவில்லை. "மறந்துட்டேன் டீச்சர்" என்றான். அடுத்த வாரமும் அதையே சொன்னான்.

அப்புறம் அவன் அப்பா வந்தார். லோரி ஓட்டுநர், இங்கேயே பிறந்தவர், நீல அடையாள அட்டைக்காரர், அதாவது குடிமகன். மனைவி இந்தோனேசியாவிலிருந்து வேலைக்கு வந்தவர். கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவு செய்யவில்லை. பையனுக்கு மூன்று வயதானபோது ஊருக்குப் போன அம்மா திரும்பவே இல்லை. பிறப்புப் பத்திரத்தில் 'குடிமகன் அல்லாதவர்' என்றிருக்கிறது.

"அப்பா மலேசியர்தானே, அப்புறம் என்ன?" என்று கேட்டுவிட்டேன். விஷயம் அவ்வளவு லேசில்லை. 1982 மார்ச்சிலிருந்து முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் பதிவானால்தான் செல்லும். பதிவில்லாமல் பிறந்த பிள்ளைக்கு, அரசியலமைப்பில் 'தந்தை' என்று வரும் இடத்தில் 'தாய்' என்று கொள்ள வேண்டும். தாய் வெளிநாட்டவர். அதனால் பக்கத்திலேயே நின்று வளர்க்கும் தகப்பன் கணக்கில் வரமாட்டார். தாயின் நாட்டைக் கேட்கலாமென்றால் அவருடைய காகிதம் ஒன்றுகூட இவர்களிடம் இல்லை.

"என் ரத்தம்தான்னு டிஎன்ஏ வேணும்னாலும் குடுக்கிறேன் டீச்சர்" என்றார். அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

பிள்ளைக்குச் சிறப்பாகக் குடியுரிமை கேட்கும் அரசியலமைப்பின் 15ஏ பிரிவில் மனு போட்டோம். சில ஆண்டுகள் கழித்து மறுப்புக் கடிதம் வந்தது, காரணம் சொல்லவில்லை. மறுபடியும் போட்டிருக்கிறோம். அவனுக்கு இப்போது 17. கூட்டாளிகள் மோட்டார் லைசென்ஸ் எடுக்கிறார்கள்.

—

அக்கா, எனக்கு நடந்தது நேர்மாறு. நான் மலேசியர், கணவர் இந்தியர், முறைப்படி பதிவான திருமணம். மகன் சென்னையில் பிறந்தான். என் அண்ணன் பிள்ளையும் வெளிநாட்டில் பிறந்தது, அண்ணியும் வெளிநாட்டவர்தான். அண்ணன் தூதரகத்தில் பதிந்தார், குடியுரிமை கிடைத்துவிட்டது. எனக்கு இல்லை. கல்யாணம் ஆகி வெளிநாட்டில் பெற்றால் அப்பாதான் கணக்கு, ஆகாமல் பெற்றால் அம்மாதான் கணக்கு. இரண்டிலும் பிள்ளைதான் மாட்டிக்கொள்கிறது.

என் மகனுக்கு அவன் அப்பாவின் நாடாவது இருக்கிறது. அப்பாவுக்கே நாடில்லாத பிள்ளைகளை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

2021 செப்டம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் 'தந்தை' என்பதில் தாயும் அடக்கம் என்று தீர்ப்பளித்தபோது அழுதேவிட்டேன். 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2க்கு 1 என்று அதைத் தள்ளியது. 2024 அக்டோபரில் நாடாளுமன்றத்தின் மக்களவை, தாய் வழியாகவும் குடியுரிமை கிடைக்கும்படி அரசியலமைப்புத் திருத்தத்தையே நிறைவேற்றியது. ஆனால் அது முன்பே பிறந்துவிட்ட என் மகனுக்குப் பொருந்தாது, விண்ணப்பித்துத்தான் கேட்க வேண்டும். அதுவரை மலேசியாவில் தங்க அவனுக்குள்ள அனுமதிப் பாஸைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறோம்.

—

வயது வரம்பு தாண்டுவதற்குள் மனுவைக் கொடுத்துவிடுங்கள் தங்கச்சி. ரசீதை இரண்டு நகல் எடுத்து வையுங்கள். எங்கள் பையனின் முதல் மனு எங்கே இருக்கிறது என்று தேடவே ஒரு வருடம் போனது.