ஏழாண்டுக்கு ஒரு மழை: கற்பனை நாட்டுச் செடியை நம்பும்படி அமைப்பது எப்படி?

மணற்கேணி:
மிகுபுனைவு நாவலுக்காக ‘உலரி’ என்று ஒரு பாலைநிலச் செடியை உருவாக்குகிறேன். இடுப்புயரம், அகலமான இலை, மழை பெய்ததும் மளமளவென வளரும். தண்டு நிறைய இனிப்பான நீர். வழிப்போக்கர்கள் ஒடித்துக் குடிப்பார்கள். செடிகொடி தெரிந்தவர்கள் இதை ஏற்பார்களா? எங்கே திருத்தலாம்?

கள்ளிக்காடு:
ஏற்க மாட்டார்கள். வறண்ட நிலத்தில் நீரைச் சேர்க்கும் செடி அதைக் காவல் காக்காவிட்டால் ஆடுமாடே தின்று தீர்த்துவிடும். முள்ளோ நஞ்சோ இருந்தாக வேண்டும். திருகுகள்ளிப் பால் கண்ணில் பட்டால் பார்வையே கெடலாம். பீப்பாய்க் கள்ளியை வெட்டித் தண்ணீர் குடிப்பதெல்லாம் சினிமாவில்தான். பெரும்பாலான வகைகளின் சதைச்சாறு குமட்டலும் வயிற்றுப்போக்கும் தரும்.

அகல இலையையும் விடுங்கள், நீர் அதன் வழியாகவே போய்விடும். வேகமும் வேண்டாம். நமீபியப் பாலைவனத்து வெல்விட்சியா ஆயுள் முழுக்க இரண்டே இலைகளை மெல்ல வளர்த்துக்கொண்டு ஆயிரம் ஆண்டுக்கு மேலும் நிற்கிறது.

புதர்மண்டி:
‘உலரி’ என்று பெயர் வைத்துவிட்டு ஏன் நீரைச் சேர்க்கிறீர்கள்? காயவே விடுங்கள். மெக்சிகோவின் சிவாவா பாலைவனத்தில் செலாஜினெல்லா லெப்பிடோஃபில்லா என்ற செடி காய்ந்து பந்தாகச் சுருண்டு கிடக்கும். நீர் பட்டால் சில மணி நேரத்தில் விரியும். அதற்கு விதை கிடையாது, வித்துத்தூள் (ஸ்போர்)தான். விதையும் வேண்டுமென்றால் தென்னாப்பிரிக்கப் பகுதியில் இதேபோல் காய்ந்து உயிர்க்கும் மைரோதாம்னஸ் புதரை மாதிரியாக வையுங்கள்.

இப்படிப்பட்ட செடிகள் மெதுவாகக் காய வேண்டும். அந்த அவகாசத்தில்தான் உயிரணுக்களைக் காக்கும் சர்க்கரைகள் சேர்கின்றன. பிடுங்கி ஒரே நாள் வெயிலில் போட்டால் பெரும்பாலும் பிழைக்காது. இன்னொன்று, செத்த செலாஜினெல்லாவும் நனைத்தால் விரியும்! பச்சை மட்டும் திரும்பாது. சந்தையில் ஏமாற்றும் வியாபாரியையும், ஒரு நாள் பொறுத்து நிறம் பார்த்து வாங்கும் கிழவியையும் இதிலிருந்தே எழுதலாம்.

ரணகள்ளி:
சதைப்பற்றுள்ள செடிதான் வேண்டும் என்றால், இலைத்துளைகளை இரவில் திறக்கும் வகையாக வையுங்கள். இரவில் வாங்கிய கரியமில வாயுவை மாலிக் அமிலம் என்ற புளிப்புப் பொருளாகச் சேர்த்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு செலவழிக்கும். ரணகள்ளி இலை காலையில் புளிக்கும், நண்பகலில் சப்பென்று இருக்கும், சாயங்காலம் லேசாகக் கசக்கும். இந்தியாவில் இதைக் கவனித்த பெஞ்சமின் ஹெய்னின் குறிப்பு 1815-இல் அச்சேறியது. பறிக்கும் நேரத்தைப் பொறுத்து உலரியின் மருந்துக் குணமும் மாறலாமே.

மணற்கேணி:
காயும் செடியே பிடித்திருக்கிறது, மைரோதாம்னஸ் மாதிரி. ஆனால் சிறு தூறலுக்கே விதை முளைத்துக் கருகிவிடாதா?

கள்ளிக்காடு:
விதையுறையில் முளைப்பைத் தடுக்கும் பொருளை வையுங்கள். தாவரவியலாளர் ஃப்ரிட்ஸ் வெண்ட் கலிபோர்னியப் பாலைவனத்தின் ஓராண்டுச் செடிகளில் கண்டது இது: தூறலுக்கு அசையாத விதைகள், ஏறத்தாழ 25 மி.மீ. மழைக்கு முளைத்தன. நீர் மேலிருந்து இறங்கி அந்தப் பொருளைக் கழுவிச் செல்ல வேண்டும். அடியிலிருந்து மண்ணை ஊற வைத்தால், ஈரம் எவ்வளவு இருந்தாலும் முளைக்காது. ஆகவே உங்கள் நாட்டு மக்கள் வாய்க்கால் வெட்டி உலரியைப் பயிர் செய்ய முடியாது. பாத்தியில் குடம் குடமாக மேலிருந்து ஊற்ற வேண்டும். அவ்வளவு நீர் யாரிடம் இருக்கிறதோ, விதைக்கும் உரிமையும் அவர்களிடம்தான்.