குட்டி யானைக்கு ஸ்டிக்கரா, கழற்றி மாட்டும் ஃபிரேமா?

ஈரோடு மிக்சர்கடை:
எங்களிடம் நான்கு குட்டி யானை வண்டி ஓடுகிறது. எல்லாம் தகர கன்டெய்னர் பாடி. ஆடி, தீபாவளி, பொங்கல் என்று வருஷத்துக்கு மூன்று தடவை பக்கவாட்டு விளம்பரத்தை மாற்றுகிறோம். இதுவரை ஸ்டிக்கர்தான். போன வாரம் உரித்தபோது பெயின்டும் சேர்ந்து வந்துவிட்டது. அலுமினிய ஃபிரேம் அடித்துவிட்டு ஃப்ளெக்ஸை மட்டும் மாற்றிக்கொள்ளலாமா?

சேலம் ஸ்டிக்கர்:
வேண்டாம் அண்ணே. ஹீட் கன்னால் சூடு காட்டி, மடக்கிப் பிடித்து மெதுவாக இழுத்தால் ஸ்டிக்கர் பசையோடு வந்துவிடும். பட்டறையில் அடித்த பெயின்ட் கம்பெனி பெயின்ட் போலப் பிடிக்காது, அதில் அவசரப்பட்டு உரித்திருப்பார்கள். ஃபிரேம் என்றால் பக்கம் முழுக்க ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையும் மழைத்தண்ணீர் உள்ளே போகும் வழி. நீங்கள் ஏற்றுவது மிக்சர்!

நாமக்கல் பாடி வேலை:
தம்பி, ஓட்டை போடுவது தப்பில்லை, எங்கே போடுகிறோம் என்பதுதான் விஷயம். வெறும் தகட்டில் ரிவெட் அடித்தால் வண்டி அதிர அதிர ஓட்டை பெரிதாகும். தகட்டுக்குப் பின்னால் நிற்கிற இரும்புச் சட்டத்தில் அடிக்க வேண்டும். ஒவ்வொரு ரிவெட்டுக்கும் தண்ணீர் புகாமல் அடைக்கிற சீலன்ட் பசை வைக்க வேண்டும். அலுமினியம் நேராக இரும்பில் உட்காரக் கூடாது, ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கும். நடுவே ரப்பர் பட்டை கொடுங்கள். ஃபிரேமின் கீழ் விளிம்பில் தண்ணீர் வடிய துளை விடுங்கள். இதை விட்டுவிட்டுத்தான் பலர் ஃபிரேமைத் திட்டுகிறார்கள்.

தண்ணீர் கேன் வண்டி, சென்னை:
எந்த ஃபிரேம் என்பதையும் பாருங்கள் சார். கடைச் சுவரில் போஸ்டர் வைக்கிற, ஸ்பிரிங்கோடு திறந்து மூடும் ஃபிரேமை என் வண்டியில் மாட்டினேன். பைபாஸில் காற்று அடித்து ஒரு பக்கம் திறந்துகொண்டது. உள்ளே இருந்த ஷீட் பறந்து பின்னால் பைக்கில் வந்தவர் மேல் விழுந்தது. அவர் சமாளித்துவிட்டார், ஆனால் என்னால் அன்றைக்கு அதற்கு மேல் ஓட்டவே முடியவில்லை. அதற்குப் பிறகு ஸ்டிக்கர்தான்.

நாமக்கல் பாடி வேலை:
அது ஓடுகிற வண்டிக்குச் செய்ததே இல்லை. ஃப்ளெக்ஸின் நான்கு ஓரத்தையும் காடிக்குள் கவ்விப் பிடித்து, மேலே ஸ்க்ரூவால் பூட்டுகிற வகை வேண்டும். இன்னொன்று, ஃப்ளெக்ஸ் வெயிலில் நீளும். காலைக் குளிரில் இழுத்து மாட்டினால் மதியம் தொங்கி, காற்றில் படபடத்தே ஓரம் கிழியும். உச்சி வெயிலில் இழுத்து மாட்டுங்கள், சாயங்காலம் இன்னும் விறைப்பாகும்.

சேலம் ஸ்டிக்கர்:
சரி அண்ணே, ஒழுங்காக அடித்தால் நிற்கும் என்றே வைத்துக்கொள்வோம். அப்படி அடிக்கிற ஆள் எல்லா ஊரிலும் கிடைப்பாரா? வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறவர்களுக்கு இந்தச் செலவு வீண். அப்புறம், வாடகை வண்டியில் ஓட்டை போட ஓனர் விடவே மாட்டார். சரக்கு வண்டிக்குப் பக்கவாட்டிலும் பதிவெண் தெரிய வேண்டும், அதன் மேல் ஃபிரேம் உட்கார்ந்தால் போலீஸ் கேட்பார்கள்.

ஈரோடு மிக்சர்கடை:
வண்டி நான்கும் சொந்தம்தான். பதிவெண் கதவுப் பக்கம் இருக்கிறது, மறைக்காது. ஆனால் மழை ஒழுகினால் ஒரு லோடு சரக்கும் போய்விடும், அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை. முதலில் ஒரே ஒரு வண்டிக்கு அடிக்கிறேன். சரக்கு ஏற்றாமல், ஹோஸ் பைப்பால் அரை மணி நேரம் தண்ணீர் அடித்துப் பார்க்கிறேன். உள்ளே ஒரு சொட்டு வந்தாலும் மற்ற மூன்றுக்கும் ஸ்டிக்கர்தான். நாமக்கல் அண்ணே, சட்டம் எங்கே ஓடுகிறது என்று வெளியே இருந்து எப்படிக் கண்டுபிடிப்பது?

நாமக்கல் பாடி வேலை:
காந்தம் உதவாது, தகடும் இரும்புதான். பாடிக்கு உள்பக்கம் ஷீட் அடித்து மூடாமல் இருந்தால் சட்டம் கண்ணுக்கே தெரியும், அளந்து வெளியே குறித்துக்கொள்ளுங்கள். அடித்திருந்தால் விரலால் தட்டிக்கொண்டே போங்கள். சத்தம் கெட்டியாகும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள்.