முழுத் தொட்டியா, துண்டுத் தொட்டியா? பட்டர்வொர்த்திலிருந்து கூலிம் போகும் இரவு லோரிகள்

லோபெட் ஓட்டுநர், பட்டர்வொர்த்

பினாங்கின் பட்டர்வொர்த் துறைமுகத்தில் இறங்கும் பெரிய இரும்புத் தொட்டிகளை லோபெட்டில், அதாவது தளம் தாழ்ந்த நீள லோரியில், கெடாவின் கூலிம் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுபோகிறோம். போன வாரம் எங்கள் வண்டி பட்டர்வொர்த்தின் பாகான் டாலாம் குடியிருப்பைத் தாண்டும்போது யாரோ படம் பிடித்துப் பேஸ்புக்கில் போட்டிருக்கிறார். "இவ்வளவு பெரிய தொட்டியை நடுரோட்டில் இழுத்துப் போக வேண்டுமா? வெட்டிக் கொண்டுபோய் அங்கேயே பற்றவைத்து ஒட்டக்கூடாதா?" என்று கேட்டிருந்தார். கீழே எல்லாரும் ஆமாம் போட்டிருந்தார்கள். 19 வருடமாக லோபெட் ஓட்டுகிறேன். முழுசாகக் கொண்டுபோவதுதான் சரி என்பது என் கட்சி. அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

படத்தில் இருந்த தொட்டி 4 மீட்டர் விட்டம், 15 மீட்டர் நீளம். கொள்கலனின் அகலம் 2.44 மீட்டர்தான், அதற்குள் இது போகாது. அதனால் கப்பலின் தளத்தில் படுக்க வைத்து வந்து, துறைமேடையில் கிரேன் நேராக எங்கள் லோபெட்டில் இறக்குகிறது. பார்ப்பவர்கள் எடையை நினைத்துப் பயப்படுகிறார்கள். காலித் தொட்டி அது. 12 மில்லிமீட்டர் இரும்புத் தகடு என்றால் மொத்தமே 20 டன்னுக்குச் சற்று மேல். மணல் லோரியே அந்த அளவுக்கு ஏற்றிக்கொண்டு பட்டப்பகலில் ஓடுகிறது. எங்கள் தலைவலி உருவம்தான். சாலையில் ஒரு தடம் மூன்றரை மீட்டரைச் சுற்றித்தான் இருக்கும், ஆகவே பக்கத்துத் தடத்தையும் பிடித்தே ஆக வேண்டும். லோபெட் தளமும் தாங்குகட்டையும் சேர்ந்தால் உச்சி தரையிலிருந்து 5 மீட்டர்.

அதனால்தான் போவதற்கு முன்பே பாதையை அளக்கிறோம். எங்களுக்கு முன்னால் வழிகாட்டிப் போகும் முன்வண்டியில் சுமையைவிடக் கொஞ்சம் உயரமான ஒரு கம்பைக் கட்டி, முழுப் பாதையும் ஓட்டிப் பார்ப்போம். மேம்பாலத்தில் எழுதியிருக்கும் உயரத்தை நான் நம்புவதில்லை. தார்மேல் தார் போட்டுச் சாலை மேலே வந்திருக்கும், பலகை மட்டும் பழைய கணக்கையே காட்டும். இரவில் போவதற்கும் காரணம் உண்டு. வாகனம் குறைவு என்பது எல்லாருக்கும் தெரியும். மின்கம்பி பகல் வெயிலில் நீண்டு தொய்யும், இரவில் குளிர்ந்து கொஞ்சம் மேலேறும் என்பது பலருக்குத் தெரியாது.

பற்றவைப்பவர், புக்கிட் மின்யாக்

அண்ணே, உங்கள் வேலையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் "வெட்டிக் கொண்டுபோகலாமே" என்று அவர் கேட்டதில் என்ன தவறு?

உங்கள் தொட்டியையே எடுத்துக்கொள்வோம். 15 மீட்டரை ஏழு வளையமாகப் பிரித்தால் ஒரு வளையம் 2.14 மீட்டர். ஒவ்வொரு வளையத்தையும் பாதியாக்கினால் அரைவட்டத் தகடு. அதன் 4 மீட்டர் பக்கத்தை லோரியின் நீளவாக்கில் வையுங்கள். அகலம் 2.14, உயரம் 2 மீட்டர். சாதாரண லோரியே போதும். போலீஸ் துணை வேண்டாம், கம்பு கட்டிய முன்வண்டி வேண்டாம், பகலிலேயே போகலாம்.

பிறை, பட்டர்வொர்த் பக்கம் நிற்கும் பெரிய பாமாயில் தொட்டிகளை யாராவது லோரியில் கொண்டுவந்தார்களா? தகடாக வந்து, அங்கேயே ஒட்டி எழுப்பியவை. என்னோடு வேலை செய்கிற பிள்ளைகள் அந்தத் தொழிலில்தான் வீடு கட்டினார்கள். வெளிநாட்டில் முழுசாக ஒட்டி அனுப்பினால் அந்தக் கூலி அங்கேயே நின்றுவிடுகிறது. எனக்கு இது வயிற்றுப் பாடு. மறைத்துப் பேச மாட்டேன்.

கூலிம் இரவுப்பணி

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒரு நாள் இரவு பட்டர்வொர்த்–கூலிம் விரைவுச்சாலையில் இப்படி ஒரு வண்டியின் பின்னால் முக்கால் மணி நேரம் ஊர்ந்தேன். வேலைக்குத் தாமதம், சம்பளத்தில் பிடித்தார்கள். ஓரம் கட்டி எங்களை விடக்கூடாதா?

லோபெட் ஓட்டுநர், பட்டர்வொர்த்

விடத்தான் வேண்டும். அந்த விரைவுச்சாலை 17 கிலோமீட்டர். மணிக்கு 20 கிலோமீட்டரில் போனால் 50 நிமிடம் ஆகும். அகலம் கிடைக்கிற இடத்தில் நின்று, பின்னால் சேர்ந்த வாகனங்களை அனுப்பிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பல ஓட்டுநர்கள் நிற்பதில்லை, ஏனென்றால் விடிவதற்குள் உள்ளே போகாவிட்டால் காலை நெரிசலில் மாட்டிக்கொள்வோம். உங்கள் சம்பளம் போனதற்கு அது பதிலாகாது, ஒப்புக்கொள்கிறேன்.

தம்பி புக்கிட் மின்யாக், அரைவட்டக் கணக்கு நன்றாக இருக்கிறது. எனக்கே தோன்றவில்லை. ஆனால் அந்த ஒட்டு எப்படி நிற்கும் என்பதை ஒட்டைச் சோதிப்பவர் யாராவது வந்து சொல்லட்டும்.

ஒட்டு சோதிப்பவர், செபராங் ஜெயா

நான் வருகிறேன். இருவருமே ஒரே தொட்டியைப் பற்றிப் பேசுவதாக நினைக்கிறீர்கள். தொட்டிக்குத் தொட்டி கதை வேறு.

பற்றவைப்பவர் சொன்ன ஏழு வளையத்தை ஒட்டினால் எத்தனை மீட்டர் ஒட்டு வரும்? 4 மீட்டர் விட்டத்தின் சுற்றளவு 12.57 மீட்டர். வளையங்களுக்கு நடுவே ஆறு, இரண்டு முனை மூடிக்கு இரண்டு, ஆக எட்டுச் சுற்று. ஏறக்குறைய 100 மீட்டர். பாதியாக வெட்டியதற்கு நீளவாக்கில் இரண்டு கோடு, 30 மீட்டர். மொத்தம் 130 மீட்டர்.

பட்டறையில் தொட்டியை உருளைகள்மேல் வைத்துச் சுழற்றுவோம். ஒட்டுகிறவர் அசையாமல் நிற்பார், ஒட்டு அவர் கைக்குக் கீழே வந்துகொண்டிருக்கும். வெளியில் அவர்தான் சாரத்தில் ஏறித் தொட்டியைச் சுற்றி வர வேண்டும். தலைக்கு மேலே ஒட்ட வேண்டும். காற்றடித்தால், உருகிய ஒட்டைக் காற்று படாமல் காக்கும் வாயு பறந்துவிடும், ஒட்டுக்குள் துளை விழும். மழை ஈரம் ஏறிய ஒட்டுக்குச்சியால் ஒட்டினால் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, ஒரு நாள் கழித்துக்கூட விரிசல் காட்டும். நம் ஊர் மாலை மழையை நான் சொல்லித் தெரிய வேண்டுமா? பிறகு ஒட்டுக்குள் குறை உண்டா என்று எக்ஸ்ரே எடுக்க, கதிர்வீச்சுப் படாமல் சுற்று வட்டாரத்தில் ஆளில்லாமல் செய்ய வேண்டும்.

உள்ளே அழுத்தத்தோடு அடைத்து வைக்கிற அழுத்தத் தொட்டி என்றால், சோதிக்கத் தண்ணீர் நிரப்பி, வடிவமைப்பு அழுத்தத்தைப்போல் 1.3 மடங்கு ஏற்றிப் பார்ப்போம். இந்த அளவுக்கு ஏறக்குறைய 188 டன் தண்ணீர். அடித்தளம் அதைத் தாங்க வேண்டும். இதெல்லாம் முடியாத வேலை இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் தவறு நுழைய ஒரு வழி. அழுத்தத் தொட்டியில் தவறு நுழைந்தால் மனிதர்கள் சாவார்கள். அதனால் அழுத்தத் தொட்டி பட்டறையிலேயே முழுசாக முடிந்து வருவதைத்தான் நான் கேட்பேன்.

கூலிமுக்குப் போகும் திரவ நைட்ரஜன் தொட்டிக்கு வேறு வழியே கிடையாது. சிப் தொழிற்சாலைகளுக்கு நைட்ரஜன் ஓயாமல் வேண்டும். அதை மைனஸ் 196 பாகை செல்சியஸில் வைக்க வேண்டும். தொட்டிக்குள் தொட்டி, நடுவே வெப்பத்தைத் தடுக்கும் பெர்லைட் தூள் நிரப்பிக் காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடம். வீட்டில் இருக்கும் தெர்மோஸ் மாதிரி. தெர்மோஸை வெட்டி எடுத்துப்போய் ஒட்ட முடியாது.

பற்றவைப்பவர், புக்கிட் மின்யாக்

நைட்ரஜன் தொட்டியை விட்டுவிடுகிறேன் சார். அழுத்தத் தொட்டியிலும் உங்களோடு சண்டையில்லை. ஆனால் நான் கடைசியாக வேலை செய்த ஓர் இடத்தில் மூன்று தொட்டிகள் முழுசாக வந்து இறங்கின. உள்ளே என்ன போகிறது? தண்ணீர். அழுத்தமே இல்லை, மேலே காற்றுக்குழாய் திறந்தே இருக்கிறது. விலைப்பட்டியலில் தொகை கொஞ்சம் குறைவு என்று வெளிநாட்டில் வாங்கியிருக்கிறார்கள். மூன்று இரவு சாலை மூடினார்கள். அந்த மூடலின் விலை அந்தப் பட்டியலில் எங்கே இருந்தது? இந்தக் கூலிம் அண்ணன் சம்பளம் போனது எந்தக் கணக்கில் வரும்?

லோபெட் ஓட்டுநர், பட்டர்வொர்த்

அந்த மாதிரித் தண்ணீர்த் தொட்டியை நானும் ஏற்றியிருக்கிறேன் தம்பி. ஏற்றும்போதே இது எதற்கு என்று தோன்றியது. அதில் நீ சொல்வது சரி.

ஆனால் ஒன்று. நாளைக்கே எல்லாத் தொட்டியையும் பிறையிலோ புக்கிட் மின்யாக்கிலோ செய்தாலும், பட்டறையில் முழுசாகச் செய்தது கூலிமுக்கு எப்படிப் போகும்? இதே சாலையில், இதே லோபெட்டில்தான். துறைமுகத்தைக் கழித்தாலும் சாலை மிஞ்சும். அதனால் எப்படிக் கொண்டுபோவது என்பதைப் பேசியே ஆக வேண்டும்.

பாகான் டாலாம்வாசி

அந்தப் படத்தைப் போட்டவன் நான்தான்.

நீங்கள் ஒட்டு பற்றியும் வளையம் பற்றியும் இவ்வளவு நேரம் பேசியதைப் படித்தேன். எனக்குத் தெரியாத விஷயங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஓர் இரவு, இதே மாதிரி ஒரு லோரி எங்கள் வீதி முனையில் மின்கம்பியில் மாட்டி அதை இழுத்துவிட்டது. எந்த நிறுவனம் என்று இங்கே எழுதப்போவதில்லை. மின்சாரம் போய்விட்டது. அம்மாவுக்கு நுரையீரல் நோய், இரவெல்லாம் ஆக்சிஜன் இயந்திரத்தில்தான் தூங்குவார். இயந்திரம் நின்றதும் அது கத்திய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மாற்றுக்கு ஒரு சின்ன ஆக்சிஜன் உருளை வைத்திருந்தோம். அதன் முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே ஆம்புலன்ஸுக்கு அழைத்தேன். ஆம்புலன்ஸ் வந்தபோது அந்த நீளமான வண்டி வீதி வாயை அடைத்துக்கொண்டு நின்றது. அம்மாவை நாற்காலியோடு தூக்கி, லோரியின் சக்கரத்தை ஒட்டி நடந்து வெளியே கொண்டுவந்தோம்.

பிழைத்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு எந்தப் பெரிய வண்டியின் மஞ்சள் விளக்கைப் பார்த்தாலும் என் கை நடுங்குகிறது. தொட்டி முழுசாகப் போகட்டும், துண்டாகப் போகட்டும். வருகிறோம் என்று ஒரு வார்த்தை ஏன் யாரும் சொல்லவில்லை?

லோபெட் ஓட்டுநர், பட்டர்வொர்த்

தம்பி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. முதல் வரியில் உங்களை மறுக்கத்தான் வந்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன், தொழிலில் இருப்பவன் என்ற முறையில். தொலைபேசிக் கம்பியை மின்சாரம் கடத்தாத கம்பால் தூக்கிவிடலாம். மின்கம்பியைத் தொடவே கூடாது, மின்சார நிறுவனத்தின் ஆட்கள் வந்து இணைப்பை நிறுத்தி, தூக்கித் தர வேண்டும். அவர்களுக்கு முன்கூட்டியே தேதி சொல்ல வேண்டும். கப்பல் தாமதித்தால் அந்தத் தேதி தவறிவிடும். பெருநாள் வந்தால் கனரக வண்டிகளுக்குத் தடை, அதற்குள் எடுத்தாக வேண்டும் என்று மேலிருந்து நெருக்குவார்கள். அப்போதுதான் சிலர் "இரண்டு விரல் இடைவெளி இருக்கிறது, மெதுவாக விடு" என்பார்கள். நான் ஒரு முறை இயந்திரத்தை நிறுத்திச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, விடியும் வரை நகர மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறேன். எல்லா ஓட்டுநருக்கும் அது முடியாது, வேலை போய்விடும்.

ஒட்டு சோதிப்பவர், செபராங் ஜெயா

அனுமதிக் காகிதத்தில் சாலையின் அளவு இருக்கும், பாலத்தின் தாங்குதிறன் இருக்கும். பாதையோர வீடுகளில் இயந்திரத்தை நம்பி இருக்கும் நோயாளிகளின் விவரம் நான் பார்த்த எந்தக் காகிதத்திலும் இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லி எழுத வேண்டும். நான் எழுதுகிறேன், நீங்களும் கையெழுத்துப் போட வேண்டும்.

பற்றவைப்பவர், புக்கிட் மின்யாக்

நானும் போடுகிறேன். அழுத்தமில்லாத தொட்டி துண்டாகத்தான் வர வேண்டும் என்பதையும் அதில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அதை விட மாட்டேன்.

லோபெட் ஓட்டுநர், பட்டர்வொர்த்

சேர்க்கலாம். அந்த வரிக்கு நானும் கையெழுத்துப் போடுவேன்.

தம்பி பாகான் டாலாம், வருகிற வியாழன் இரவு ஒரு நைட்ரஜன் தொட்டி கிளம்புகிறது. அது முழுசாகத்தான் போக வேண்டும். முதலாளியிடம் பேசிவிட்டேன். புதன்கிழமைக்குள் கோயில் பலகையிலும் சூராவ் என்ற தொழுகைக் கூடத்திலும் காப்பிக்கடையிலும் மூன்று மொழியில் அறிவிப்பு ஒட்டுகிறோம். ஆம்புலன்ஸ் வழியை மறிக்காமல் எங்கே நிறுத்துவது என்று இடம் குறிக்க வேண்டும். செவ்வாய் இரவு கம்போடு உங்கள் வீதிக்கு வருகிறேன். கூட இருந்து அந்தக் கம்பி எங்கே என்று காட்டுகிறீர்களா?

பாகான் டாலாம்வாசி

11 மணிக்கு மேல் வாருங்கள் அண்ணே, அம்மா அப்போதுதான் கண் அசருவார். கம்பி முனை வீட்டு மாமரத்துக்குள் மறைந்திருக்கிறது, இருட்டில் உங்களுக்குத் தெரியாது. அந்த வீட்டுக்காரரிடம் கேட்டுக் கிளையை நாளைக்கே கழித்து வைக்கிறேன்.