நம்ம குடும்பம் - கொட்டகலை

பிரவீன்: மாமா, இரண்டு ஆஸ்கார் மீனும் இப்போது ஆறு அங்குலம். வாங்கும்போது பெருவிரல் அளவுதான் இருந்தது, இவ்வளவு வளரும் என்று கடையில் சொல்லவே இல்லை. இரண்டடித் தொட்டியில் திரும்பக்கூட இடமில்லாமல் நிற்பதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. பெரிய தொட்டி செய்யப்போகிறேன், மாடி அறையில் வைக்கலாமா?

செல்வா மாமா: மாடியில் வேண்டவே வேண்டாம். ஆஸ்கார் ஓர் அடி வரைக்கும் வளரும், இரண்டுக்கு நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரமாவது வேண்டும். அதில் 450 லீட்டர் தண்ணீர் பிடிக்கும், அதாவது தண்ணீர் மட்டுமே 450 கிலோ, கண்ணாடியும் ஸ்டாண்டும் தனி. உங்கள் மாடி பலகைத் தளம். கீழே சீமெந்துத் தரையில் வை, மட்டம் பார்த்து, தொட்டிக்கு அடியில் ரெஜிபோம், அந்த வெள்ளை நுரைப்பலகை, போடு. கண்ணாடி 12 மில்லிமீட்டர்.

அம்மா: ஹாலில் இடமில்லையே அண்ணே.

செல்வா மாமா: தையல் மிஷின் பக்கத்துச் சுவர் சரியாக இருக்கும் தங்கச்சி. ஜன்னல் வெயில் படாது, பாசி குறையும்.

பிரவீன்: நம் மலைநாட்டுக் குளிருக்கு ஹீட்டர் ஒன்று போதுமா?

செல்வா மாமா: இதைத்தான் சொல்ல வந்தேன். ஆஸ்கார் அமேசன் பக்கத்து மீன், 24 முதல் 28 பாகை வேண்டும். போன தை மாதம் என் வீட்டில் ஒரே ஹீட்டர், அது இரவில் பழுதாகி, விடியும்போது தண்ணீர் 17 பாகை. மூன்று வருடம் வளர்த்த மீன் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது, பிழைக்கவில்லை. இன்னும் மனது ஆறவில்லை. அதனால் 300 வோட் ஹீட்டர் இரண்டு வாங்கி மூலைக்கு ஒன்றாக வை. பின்பக்கமும் இரு ஓரமும் ரெஜிபோம் ஒட்டி மேலே மூடி போடு, மூடி இல்லாவிட்டால் சூடும் போகும், மீனும் துள்ளி வெளியே விழும். கரண்ட் போனால் பெட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்றும் கையில் இருக்கட்டும்.

பிரவீன்: தண்ணீர் மலை ஊற்றுப் பீலியிலிருந்துதான் மாமா.

செல்வா மாமா: பீலித் தண்ணீரில் குளோரின் இல்லை, நல்லதுதான், ஆனால் ஐஸ் மாதிரி இருக்கும், மழை பெய்தால் கலங்கியும் வரும். பெரலில் ஒரு நாள் தெளியவிட்டு, கொஞ்சம் வெந்நீர் கலந்து, தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவந்து ஊற்று. வாரம் ஒரு தடவை கால்வாசி மாற்ற வேண்டும், 110 லீட்டர், சோம்பல் படாதே.

சித்தி: இவ்வளவு செலவா! முடியாவிட்டால் கொத்மலை ஓயா ஆற்றில் விட்டுவிட்டால் என்ன, பாவம் பிழைத்துக்கொள்ளுமே?

செல்வா மாமா: அதை மட்டும் செய்துவிடாதே. வெளிநாட்டு மீன் நம் ஆற்று மீனைத் தின்றுவிடும். டேங்க் கிளீனர் என்று தொட்டிக்கு வாங்கிய மீன் இன்று நாட்டின் நீர்த்தேக்கங்களில் பெருகிக் கிடக்கிறது. முடியாவிட்டால் வளர்க்கிற ஒருவருக்குக் கொடுக்கலாம், நானே ஆள் பார்த்துத் தருகிறேன்.

பிரவீன்: வளர்க்கிறேன் மாமா. தொட்டி வந்த அன்றே மீனை விடலாமா?

செல்வா மாமா: விடாதே. புதுத் தொட்டியில் மீனின் கழிவு மீனுக்கே நஞ்சான அமோனியாவாகி நிற்கும், அதை மாற்றும் பாக்டீரியா வளர நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். உன் பழைய பில்டரின் ஸ்பொஞ்சைப் புதுப் பில்டருக்குள் போட்டால் சீக்கிரம் ஆகும். அதைக் குழாயடியில் கழுவிவிடாதே, தொட்டித் தண்ணீரிலேயே லேசாகப் பிழி.

அம்மா: சரி, ஞாயிறு காலை மிஷினை நகர்த்துகிறோம். அண்ணே, அளவு நாடாவோடு வந்துவிடுங்கள், கதவுக்குள் தொட்டி வருமா என்றும் பார்க்க வேண்டும்.