ஆயில் குறைகிறது, ஒழுகல் எங்கும் இல்லை: முதலில் எதைப் பார்க்கலாம்?

நண்பர்களே, பெட்ரோல் கார், ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. ஆயில் மாற்றி ஆயிரம் கிலோமீட்டர் ஓடுவதற்குள் டிப்ஸ்டிக்கில் அளவு மேல் கோட்டிலிருந்து பாதிக்கு இறங்கிவிடுகிறது. வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுகூட இல்லை. டிரெயின் போல்ட், ஃபில்டர், வால்வ் கவர் எல்லாம் காய்ந்துதான் கிடக்கின்றன. கூலன்ட்டும் குறையவில்லை.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் லேசாக நீலப்புகை வந்து நின்றுவிடுகிறது, ஓடும்போது அழுத்தி மிதித்தாலும் புகை இல்லை. அதனால் பிஸ்டன் ரிங்கைவிட வால்வ் சீல் (வால்வ் தண்டு வழியாக ஆயில் சிலிண்டருக்குள் இறங்காமல் தடுக்கும் ரப்பர்) மேல்தான் எனக்குச் சந்தேகம். மெக்கானிக்கோ எதையும் சோதிக்காமலே எஞ்சினைப் பிரிக்கணும் என்கிறார் (சிலருக்கு ஸ்பேனரைப் பார்த்தாலே கை அரிக்கும் போல).

பிசிவி வால்வ் (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை மறுபடி எரிய அனுப்பும் சின்ன வால்வ்) விலை குறைவு, அதை முதலில் மாற்றிப் பார்க்கலாமா, இல்லை நேராகக் கம்ப்ரஷன் டெஸ்ட்டும் லீக் டவுன் டெஸ்ட்டும் (சிலிண்டரில் அழுத்தம் எவ்வளவு, எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் சோதனைகள்) செய்யச் சொல்லட்டுமா? கையேட்டில் 0டபிள்யூ-20, அதைவிடக் கெட்டியான 5டபிள்யூ-30 என்ற இரண்டு ஆயில் ரகங்களுக்கும் அனுமதி உண்டு, இப்போது ஓடுவது முதலாவது. இரண்டாவதற்கு மாறினால் ஆயில் குடிப்பது குறையுமா? அப்புறம், சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து, ஹெட்டைக் கழற்றாமல் சீல் மாற்றியவர்கள் இருந்தால் அனுபவத்தைச் சொல்லுங்கள். ஆயிலில் கலக்கும் மருந்து எதையும் மட்டும் சிபாரிசு செய்யாதீர்கள்.